கருந்துளையில் விழுந்தது அழியுமா?

பேராக் ரப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ‘செக்ரோல்’ என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. விடியற்காலைப் பெரட்டில் யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எத்தனை நாள் பேர் விழுந்தது என்று கிராணி எழுதி வைத்த பேரேடு அது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறிய காலத்தில், பல இடங்களில் அலுவலகக் கட்டடத்தோடு பழைய பேரேடுகளும் போய்விட்டன. பிறப்புப் பத்திரம் இல்லாமல் அடையாள அட்டைக்காக அலைந்த குடும்பங்களைக் கேட்டால், பழைய தாளில் இருக்கும் ஒரு பெயரும் ஒரு தேதியும் எத்தனை பெரிய சொத்து என்று சொல்வார்கள்.

அப்படிப்பட்ட பேரேடு ஒன்றைத் தீயில் போட்டுவிட்டால், அதில் இருந்த பெயர்கள் அழிந்துவிட்டனவா? ஊரைக் கேட்டால் ‘அழிந்துவிட்டன’ என்பார்கள். இயற்பியலாளரைக் கேட்டால் ‘இல்லை’ என்பார்!

எரிந்த தாளின் சாம்பல், மேலே போன புகை, நாலாபக்கமும் சிதறிய வெளிச்சம், வெப்பம் ஆகிய அனைத்தையும் ஒரு துகள்கூட விடாமல் அளந்து கணக்குப் போட்டால், எந்தப் பக்கத்தில் யார் பெயர் இருந்தது என்று மீண்டும் படித்துவிடலாம். மனிதர் யாராலும் அதைச் செய்து முடிக்க இயலாது. ஆனால், இயற்கையின் விதியில் அதற்குத் தடை இல்லை. தகவல் கலங்கும், சிதறும், ஆனால் அழியாது. குவாண்டம் இயற்பியல் நிற்கும் அடித்தளங்களில் இதுவும் ஒன்று.

சரி, அதே பேரேட்டைத் தீயில் போடாமல் கருந்துளைக்குள் போட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி அரை நூற்றாண்டாக உலகின் தலைசிறந்த மூளைகளை உறங்கவிடாமல் வைத்திருக்கிறது. அந்தக் கதையின் முதல் அத்தியாயத்தை எழுதியவர்களில் ஒருவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த 19 வயதுத் தமிழ் இளைஞர்.

1930: கடலில் போட்ட கணக்கு

உலகப் பொருளாதாரம் சரிந்து, ரப்பர் விலை தரைமட்டத்துக்குப் போன காலம் அது. மலாயாத் தோட்டங்களில் வேலை இழந்த தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் பினாங்கிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதே 1930-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், பம்பாயிலிருந்து வேறொரு கப்பல் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டது. அதில் இருந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சர் சி.வி. இராமனின் அண்ணன் மகன். கேம்பிரிட்ஜில் மேற்படிப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்.

1928-ல் ஜெர்மானிய அறிஞர் சொமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தபோது, அவரை நேரில் சந்தித்துப் புதிய குவாண்டம் கருத்துகளைக் கேட்டறிந்தவர் இந்த இளைஞர். கப்பல் பயணத்தில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: எரிபொருள் தீர்ந்துபோன விண்மீனுக்கு என்ன முடிவு?

அது சுருங்கி, ‘வெண்குள்ளன்’ எனப்படும் சிறிய, அடர்ந்த விண்மீனாகி அமைதியாகக் குளிர்ந்துவிடும் என்றுதான் அப்போது நம்பினார்கள். உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளுவதால் அது மேலும் சுருங்காது என்பது கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபௌலர் 1926-ல் தந்த விளக்கம். சந்திரசேகர் அந்தக் கணக்கோடு ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியலைச் சேர்த்தார். விடை வேறாக வந்தது! ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேல் போனால் அந்தத் தள்ளுவிசை தோற்றுப்போகும். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்று பின்னர் செம்மைப்படுத்தப்பட்ட அந்த எடைதான் இன்று பாடநூல்களில் ‘சந்திரசேகர் எல்லை’.

எல்லையைத் தாண்டிய விண்மீன் என்ன ஆகும்? சுருங்கிக்கொண்டே போகும். எதுவரை? அந்த இடத்தில்தான் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள்.

1935: ஓர் அரங்கில் எழுந்த சிரிப்பு

1935 ஜனவரி 11. இலண்டனில் அரச வானியல் கழகத்தின் கூட்டம். 24 வயதான சந்திரசேகர் தமது முடிவுகளை எடுத்துரைத்தார். அவருக்குப் பின் எழுந்தவர் சர் ஆர்தர் எடிங்டன். 1919-ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது, ஐன்ஸ்டைன் சொன்னபடியே ஒளி வளைகிறது என்று காட்டிய குழுக்களில் ஒன்றை வழிநடத்தியவர். அன்றைய வானியல் உலகில் அவர் வைத்ததுதான் சட்டம். சந்திரசேகரின் அறைக்கே அடிக்கடி வந்து, கணக்கு எப்படி நடக்கிறது என்று விசாரித்தவரும் அவர்தான்!

அந்த எடிங்டன், சபையறிய அந்தக் கணக்கைக் கேலி செய்தார். ஒரு விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஏதாவது ஒரு விதி இருந்தே தீரும் என்பது அவர் வாதம். அரங்கு சிரித்தது. இளைஞரின் கணக்கில் பிழை இன்னது என்று யாரும் காட்டவில்லை. போர், பௌலி போன்ற மேதைகளின் வட்டாரத்தில் சந்திரசேகரின் பக்கமே நியாயம் என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால், பொதுவில் எழுந்து நின்று சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

சந்திரசேகர் சண்டைக்குப் போகவில்லை. 1937-ல் அமெரிக்காவுக்குச் சென்று வேறு ஆய்வுகளில் இறங்கினார்.

அதே 1935-ல் வேறு இரண்டு ஆய்வுக் கட்டுரைகளும் வெளிவந்தன. இரண்டிலும் ஐன்ஸ்டைனின் பெயர் இருந்தது. பொடோல்ஸ்கி, ரோசன் இருவருடன் சேர்ந்து எழுதிய முதல் கட்டுரை, வெகுதூரம் பிரிந்துபோன இரண்டு துகள்கள்கூட ஒன்றோடொன்று பிணைந்தே இருக்கும் என்ற குவாண்டம் விந்தையைச் சுட்டிக்காட்டி, ‘இது எப்படிச் சரியாகும்?’ என்று கேட்டது. ரோசனுடன் எழுதிய மற்றொன்று, வெளியின் இரண்டு பகுதிகளை இணைக்கும் ஒரு ‘பாலம்’ சமன்பாடுகளுக்குள் ஒளிந்திருப்பதைக் காட்டியது. சுருங்கும் விண்மீன், பிணைந்த துகள்கள், வெளியில் ஒரு பாலம் என்ற இந்த மூன்றும் ஒரே ஆண்டில் பேசப்பட்டும், இவற்றுக்குள் உறவு இருக்கலாம் என்று அன்று எவரும் நினைக்கவில்லை.

கருந்துளை என்றால் என்ன?

1939-ல் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும், பெரிய விண்மீன் சுருங்கிச் சுருங்கி வெளியுலகத் தொடர்பையே அறுத்துக்கொள்ளும் என்று கணக்கிட்டார்கள். 1967-க்குப் பின் ஜான் வீலர் மூலம் ‘கருந்துளை’ என்ற பெயர் பரவி நிலைத்தது.

நம் சூரியனை 3 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையாக நசுக்கினால் அது கருந்துளையாகிவிடும். ஈப்போ நகருக்குள் அடங்கிவிடும் அளவு! பூமியை நசுக்கினால் ஒரு கோலிக்குண்டு. அந்த எல்லைக்குள் போன ஒளிகூடத் திரும்பாது. அதற்கு ‘நிகழ்வெல்லை’ என்று பெயர். அங்கே சுவரோ வேலியோ கிடையாது. உள்ளே விழுபவருக்கு அந்தக் கோட்டைத் தாண்டியதே தெரியாது என்கிறது ஐன்ஸ்டைனின் கோட்பாடு.

உள்ளே என்ன இருக்கிறது? இதற்கு வழிகாட்டிய சமன்பாடு ஒன்று கல்கத்தாவில் பிறந்தது. அமல் குமார் ராய்சௌதுரி 1955-ல் வெளியிட்டது அது. அதன் துணையோடு 1965-ல் ரோஜர் பென்ரோஸ், கருந்துளைக்குள் நமக்குத் தெரிந்த விதிகள் முறிந்துபோகும் ஓரிடம் இருந்தே தீரும் என்று நிறுவினார். 2020-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

தேநீர்க் கோப்பையும் ஹாக்கிங்கும்

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வீலர் தம் மாணவர் ஜேக்கப் பெக்கன்ஸ்டைனிடம் விளையாட்டாக ஒன்று கேட்டார். சூடான தேநீரையும் ஆறிய தேநீரையும் கலந்துவிட்டால் அதைப் பிரிக்க முடியாது. உலகின் ஒழுங்கின்மை கூடிவிடுகிறது. ஆனால், அந்தக் கோப்பையைக் கருந்துளைக்குள் வீசிவிட்டால் தடயமே இருக்காதே, குற்றம் மறைந்துவிடுமா?

மாணவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒழுங்கின்மையை அளக்கும் ‘எண்ட்ரோப்பி’ கருந்துளைக்கும் உண்டு, அது நிகழ்வெல்லையின் பரப்பளவைப் பொறுத்தது என்று 1972-73-ல் எழுதினார். ஒரு கிடங்கில் எத்தனை மூட்டை அடுக்கலாம் என்பது அதன் கொள்ளளவைப் பொறுத்தது. கருந்துளை என்ற கிடங்கிலோ, கணக்கு வெளிச்சுவரின் பரப்பில் இருக்கிறது!

இதை முதலில் எதிர்த்தவர் யார் தெரியுமா? சாட்சாத் ஸ்டீவன் ஹாக்கிங். எண்ட்ரோப்பி இருந்தால் வெப்பம் இருக்க வேண்டும், வெப்பம் இருந்தால் கதிர் வீச வேண்டும், கருந்துளையிலிருந்துதான் எதுவும் வெளிவராதே என்பது அவர் தரப்பு. ஆனால் 1974-ல், குவாண்டம் விதிகளைச் சேர்த்து அவரே கணக்கிட்டபோது, கருந்துளை மெல்லக் கதிர் வீசுகிறது என்ற முடிவுதான் வந்தது. மாணவர் சொன்னது சரியாகிவிட்டது.

கதிர் வீசும் கருந்துளை தேயும். சூரியன் எடையுள்ள ஒரு கருந்துளை முற்றிலும் தேய்ந்து மறைய, 1-க்குப் பின்னால் 67 சுழியங்கள் போட்டு வரும் அத்தனை ஆண்டுகள் ஆகும். அண்டத்தின் இன்றைய வயதோ 1,380 கோடி ஆண்டுகள்தாம். எந்தக் கருந்துளையிலும் அந்தக் கதிரை இதுவரை யாரும் அளந்ததும் இல்லை. ஆனாலும் கேள்வி எழுந்துவிட்டது: கருந்துளையே மறைந்தபின், அதற்குள் போட்ட பேரேட்டின் கதி என்ன?

1976-ல் ஹாக்கிங் துணிந்து சொன்னார்: அழிந்துவிட்டது! வெளிவரும் கதிரில் வெறும் வெப்பம் மட்டுமே இருக்கிறது. உள்ளே விழுந்தது பேரேடா, பாறாங்கல்லா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அப்படியென்றால் குவாண்டம் இயற்பியலின் அடித்தளமே ஆட்டம் காணும்.

தகவல் என்பது ஒரு பொருள்

இதற்கிடையே வேறொரு துறை வளர்ந்துகொண்டிருந்தது. தகவலை அளக்க முடியும் என்று 1948-ல் கிளாட் ஷானன் காட்டினார். 1982-ல், குவாண்டம் தகவலை நகலெடுக்கவே முடியாது என்று நிறுவப்பட்டது. 1995-ல் அதன் அலகுக்குக் ‘கியூபிட்’ என்ற பெயர் வந்தது. குவாண்டம் கணினிக்காகத் தீட்டப்பட்ட இந்தக் கருவிகளே கருந்துளைப் புதிரையும் திறக்கும் என்று பலர் நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

1993-ல் டான் பேஜ் ஒரு கணக்குப் போட்டார். கருந்துளை அந்தப் பேரேட்டை ஒவ்வொரு தாளாகத் திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வரும் தாள்களில் வெறும் கிறுக்கல்தான். ஏனென்றால் அவற்றைப் படிக்க வேண்டிய திறவுகோல் இன்னும் உள்ளே இருக்கிறது. பாதித் தாள்கள் வெளிவந்தபின் நிலைமை மாறுகிறது. புதிதாக வரும் ஒவ்வொரு தாளும் பழைய கிறுக்கல்களுக்குப் பொருள் சொல்லத் தொடங்கும். தகவல் அழியாது என்றால் கதிரின் எண்ட்ரோப்பி முதலில் ஏறி, பாதி வழியில் திரும்பி, கடைசியில் சுழியத்துக்கு இறங்க வேண்டும். ஹாக்கிங் சொன்னது சரி என்றால் அது ஏறிக்கொண்டே போக வேண்டும். இப்படியாக, வாய்ச்சண்டையாக இருந்தது ஒரு கோட்டுப் படத்தின் ஏற்ற இறக்கமாக மாறியது.

1997-ல் பந்தயமே கட்டினார்கள். தகவல் அழியும் என்று ஹாக்கிங்கும் கிப் தோர்னும் ஒரு பக்கம்; அழியாது என்று ஜான் பிரெஸ்கில் மறுபக்கம். தோற்றவர் வென்றவருக்கு ஒரு கலைக்களஞ்சியம் தர வேண்டும். 2004 ஜூலையில் டப்ளின் மாநாட்டு மேடையில் ஹாக்கிங் தோல்வியை ஒப்புக்கொண்டு, பிரெஸ்கிலுக்குப் பேஸ்பால் கலைக்களஞ்சியத்தைக் கொடுத்தார். ஹாக்கிங் தந்த விளக்கம் போதவில்லை என்று கருதிய தோர்ன், உடன்பட மறுத்துவிட்டார்!

சென்னையும் பெங்களூரும்

சென்னைத் தரமணியில் இருக்கிறது கணித அறிவியல் நிறுவனம். 1962 ஜனவரி 3-ஆம் நாள் அல்லாடி இராமகிருஷ்ணன் முயற்சியில் அது தொடங்கியபோது, விழாவுக்கு வந்திருந்தவர் அதே சந்திரசேகர்தான். 2000-ஆம் ஆண்டில் அந்த நிறுவனத்தின் ரோமேஷ் கௌலும் பார்த்தசாரதி மஜும்தாரும், பெக்கன்ஸ்டைன்-ஹாக்கிங் எண்ட்ரோப்பிச் சூத்திரத்துக்கு ஒரு நுண்ணிய குவாண்டம் திருத்தத்தைக் கணக்கிட்டார்கள். கருந்துளை ஆய்வு உலகில் அது இன்றும் எடுத்தாளப்படுகிறது.

2012-ல் கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு குண்டு விழுந்தது. அல்ம்ஹைரி, மாரால்ஃப், போல்சின்ஸ்கி, சல்லி என்ற நால்வர் சொன்னது இது: குவாண்டம் பிணைப்பில் ஒரு துகள் ஒரு துணையோடுதான் முழுமையாகப் பிணைய முடியும். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு வீட்டுக்கு மாப்பிள்ளையாக முடியாது! தகவல் வெளிவர வேண்டுமானால், புதிதாக வரும் கதிர் பழைய கதிரோடு பிணைந்திருக்க வேண்டும். நிகழ்வெல்லை அமைதியாக இருக்க வேண்டுமானால், அதே கதிர் உள்ளே இருக்கும் துணையோடு பிணைந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது. அப்படியானால் உள்ளே போகும் வழியில் நெருப்புச் சுவர்தான் இருக்கும்!

இதற்கு விடை தேடியவர்களில் பெங்களூர் அனைத்துலகக் கோட்பாட்டு அறிவியல் மையத்தைச் சேர்ந்த சுவ்ரத் ராஜுவும், கிரேக்க அறிஞர் கிரியாகோஸ் பாபடோடிமாசும் முக்கியமானவர்கள். உள்ளே, வெளியே என்று இரண்டு தனி உலகங்களாகப் பார்ப்பதே தவறு, உள்ளே இருப்பது வெளியே இருப்பதன் இன்னொரு வாசிப்பு என்ற திசையில் அவர்களின் 2012-13 ஆய்வுகள் போயின. மாப்பிள்ளை இருவர் அல்லர். இரண்டு வீடும் ஒரே வீடு! 2013-ல் மால்டசேனாவும் சஸ்கிண்டும், பிணைந்த துகள்களும் வெளியில் உள்ள பாலமும் அடிப்படையில் ஒன்றே என்ற கருத்தை முன்வைத்தார்கள். 1935-ல் தனித்தனியே பேசப்பட்ட மூன்றும் ஒரே மேசைக்கு வந்து சேர, 78 ஆண்டுகள் பிடித்தன.

2019-ல் பெரிய திருப்பம். ஸ்டான்ஃபோர்டு ஆய்வு மாணவர் ஜெஃப் பெனிங்டனும், தனியாக அல்ம்ஹைரி உள்ளிட்ட நால்வரும், எண்ட்ரோப்பி பாதி வழியில் திரும்பி இறங்குவதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். பேஜ் எதிர்பார்த்த அதே வளைவு! பாதிக்குப் பிறகு, கருந்துளையின் உட்பகுதியில் ஒரு பெரும்பங்கு, வெளியே போய்விட்ட கதிரின் கணக்கில்தான் சேர்கிறது என்பது அதன் சாரம். அதே ஆண்டு ஏப்ரல் 10-ல், 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவில் 650 கோடிச் சூரியன்களின் எடையோடு இருக்கும் கருந்துளையின் படத்தை உலகமே பார்த்தது.

தீர்ந்ததும் தீராததும்

அப்படியானால் புதிர் விடுபட்டுவிட்டதா? பாதி விடுபட்டது என்பதே நேர்மையான பதில். தகவல் அழியாது என்ற பக்கமே இன்று பெரும்பான்மை. ஆனால் இந்தக் கணக்குகளில் பெரும்பாலானவை எளிமையாக்கப்பட்ட மாதிரி உலகங்களில் போட்டவை. உண்மையான கருந்துளையிலிருந்து ஒரு பெயர், ஒரு தேதி எந்த வழியாக வெளியே வருகிறது என்று படிப்படியாக யாரும் இன்னும் காட்டவில்லை.

2022-ல் ‘குவாண்டம் கணினியில் விண்வெளிப் பாலம் கட்டினார்கள்’ என்று தலைப்புச் செய்திகள் வந்தன. உண்மையில் அது 9 கியூபிட்களைக் கொண்டு ஒரு மிகச் சிறிய மாதிரியை ஓட்டிப் பார்த்த சோதனை. அது எதைக் காட்டியது என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் வாதம் நடந்தது. தலைப்பைப் பார்த்து மலைக்காமல் உள்ளே படிக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தகவல் அழியாது என்று இயற்கை தரும் உறுதி, மனிதருக்கு உதவும் உறுதி அல்ல. சாம்பலிலும் புகையிலும் சிதறிய செக்ரோலை எந்தப் பதிவு இலாகாவும் ஏற்றுக்கொள்ளாது. தோட்டத்து வாழ்க்கையை நேரில் கண்ட முதியவர்கள் சுங்கை சிப்புட்டிலும் கோலகங்சாரிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வைக்கும் பொறுப்பை இயற்பியல் ஏற்றுக்கொள்ளாது. அது பிள்ளைகளின் வேலை.

கணக்கே நீதிபதி

இந்த நெடுங்கதையைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பெரியவர் ‘முடியாது’ என்றார். ஓர் இளைஞர் கணக்கோடு வந்தார். எடிங்டன் சிரித்தார். அரங்கும் சேர்ந்து சிரித்தது. தெரிந்தவர்கள் வாய் மூடியிருந்தார்கள். ஹாக்கிங்கும் இரண்டு முறை தவறான பக்கம் நின்றார். ஆனால், ஒரு முறை தம் கணக்காலேயே மாணவரின் கூற்றை மெய்ப்பித்தார். மறுமுறை உலகமே பார்க்க மேடையில் தோல்வியை ஏற்றார். பெரிய பெயர் இருவருக்கும் இருந்தது. விடையை முடிவுசெய்தது மட்டும் பெயர் அல்ல.

ஈப்போவில் ஆறாம் படிவத்தில் இயற்பியல் படிக்கும் மாணவருக்கு இதில் ஒரு சேதி உண்டு. ‘இதெல்லாம் நமக்கு எதற்கு?’ என்ற சிரிப்பு வீட்டிலிருந்தும் வரலாம், வகுப்பிலிருந்தும் வரலாம். சிரிப்புக்குப் பதில் சிரிப்பு அல்ல. கணக்கில் பிழை எங்கே என்று கேட்பதே பதில்.

சந்திரசேகர் அப்படித்தான் பதில் சொன்னார். பல ஆண்டுகள் கழித்து அதே துறைக்குத் திரும்பி வந்து, 1983-ல் கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு பற்றிய பெருநூலை வெளியிட்டார். அதே ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு இன்னொரு சிறு நூலும் வந்தது. தம் காலத்தின் மிகச் சிறந்த வான் இயற்பியலாளர் என்று ஒருவரைப் போற்றி அவர் ஆற்றிய உரைகள் அவை. அந்த ஒருவர், 1935-ல் அவரைக் கேலி செய்த எடிங்டன்!